விரிசலை அளந்தது யார்

பிப்ரவரி 3

அக்கா,

"போன்ல பேசினா கத்திடுவேன், எழுதச் சொல்லு" என்று அம்மாவிடம் சொன்னாயாம். எழுதுகிறேன்.

நலமா என்று கேட்கப் போவதில்லை. கேட்டால் ஏதோ காரியமாக வந்திருக்கிறான் என்பாய். காரியமாகத்தான் வந்திருக்கிறேன்.

இங்கே கடைசிப் பருவம் தொடங்கும்போது ஒரு தணிக்கை உண்டு. முதல் வருடத்திலிருந்து எடுத்த பாடங்களை எல்லாம் வரிசையாக வைத்து, எது கட்டாயம், எது விருப்பம், எத்தனை கிரெடிட் சேர்ந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். என் வரிசையில் ஓர் ஓட்டை. அங்கே, நம் பழைய கல்லூரியில், நீயும் நானும் சேர்ந்து செய்த களப்பணி. நூலகப் படிக்கட்டின் அடிச்சுவரில் இருந்த விரிசல். நான்கு கிரெடிட். நான் மாறி வந்தபோது அதைத் தற்காலிகமாக ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். 'தற்காலிகமாக' என்ற சொல்லை அன்று நான் சரியாகப் படிக்கவில்லை.

பதிவாளர் அலுவலகத்து அம்மாள் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் டீயை ஊதிக்கொண்டே சொன்னார்.

"படிப்பு உங்க கூடவே வந்துடும் தம்பி. கிரெடிட் அப்படி வராது. அதுக்குத் தனியா டிக்கெட் எடுக்கணும்."

"ரெண்டு பேரும் சேர்ந்து செஞ்சது மேடம்."

"சேர்ந்துன்னா?"

"எல்லாத்தையும் ரெண்டு பேரும்."

"அப்படிச் சொல்றவங்கள்ல ஒருத்தர் சும்மா உக்காந்திருப்பாரு. முப்பது வருஷமாப் பாக்கறேன். அறிக்கை எழுதினதுக்கெல்லாம் களப்பணி கிரெடிட் கிடையாது. மூணுல ஒரு பங்காவது உங்க கையால அளந்திருக்கணும். அளந்தது யாருன்னு உங்க கூட்டாளி எழுதிக் கையெழுத்துப் போடணும்."

"கூட்டாளி எங்க அக்கா."

"அப்ப என்ன கவலை?" என்று சிரித்தார்.

உடம்புக்கு முடியாமல் நீ ஒரு வருடத்தை இழந்து என் வகுப்பிலேயே வந்து உட்கார்ந்ததை அவரிடம் சொல்லவில்லை. நாம் பேசிக்கொள்வதில்லை என்பதையும்.

நான் கேட்பது ஒரு வரி. இரண்டாவது தடவை நீ மருத்துவமனையில் படுத்திருந்த வாரங்களில் அளந்தது இவன் என்று. அந்த வாரங்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேலேயே வரும். மார்ச் முடிவதற்குள் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் இந்த வருடம் பட்டம் இல்லை. அந்தப் பாடம் அடுத்த வருடம்தான் மறுபடி நடக்கும். என் உதவித்தொகை இந்தப் பருவத்தோடு நிற்கிறது.

ஒரு வரி, அக்கா.

தம்பி


பிப்ரவரி 11

தம்பி,

உன் கடிதத்தை அம்மா எனக்கு முன்னால் படித்துவிட்டாள். "எழுதிக் குடுத்துத் தொலையேன், கூடப் பிறந்தவன்தானே" என்றாள். என்ன எழுத வேண்டும் என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதவில்லை.

நீ அந்த வாரங்களில் அளக்கவில்லை.

சமையலறையில் ஒரு முறை சொன்னேன், கத்திச் சொன்னேன். இப்போது நிதானமாகச் சொல்கிறேன். விரிசலுக்கு இரு பக்கமும் ஒவ்வொரு பித்தளை ஊசி அடித்தோம். ஊசிகளுக்கு நடுவே உள்ள தூரத்தை, தாடைகளை நகர்த்தி அளக்கும் வெர்னியர் கருவியால் அளந்தோம். தூரம் கூடினால் விரிசல் விரிகிறது என்று அர்த்தம். இதில் ஒளிவதற்கு இடம் இல்லை. நான் அளந்த வாரங்களில் கோடு ஏறக்குறைய தட்டையாகப் போகிறது. நான் படுக்கையில் விழுந்ததும் திடீரென்று ஒரு மேடு. நான் திரும்பி வந்ததும் மேடு இறங்கிவிடுகிறது. என் உடம்பு எப்போது சரியாகும் என்று சுவருக்குத் தெரியுமா?

அந்த மேட்டுக்கு நீ ஒரு விளக்கமும் எழுதினாய். மழையில் அஸ்திவாரத்துக்குக் கீழே களிமண் நீரைக் குடித்து உப்புகிறது, சுவர் பிளக்கிறது, வெயில் வந்ததும் தானாக மூடிக்கொள்கிறது. பேராசிரியர் அதை வகுப்பில் உரக்கப் படித்தார். அந்த அறிக்கையைக் காட்டித்தான் அந்தக் கல்லூரியில் உனக்கு இடம் கிடைத்தது. விளக்கம் முதலில் வந்தது, எண்கள் அதற்குப் பின்னால் வந்தன. இதுதான் என் எண்ணம். அன்று நீ பதில் சொல்லவில்லை. அறைக்குள் போய்ப் பெட்டி கட்டினாய்.

நானும் இந்த வருடம் முடிக்கிறேன். எனக்கும் அதே நான்கு கிரெடிட். ஜூலையில் ஒரு கட்டுமான அலுவலகத்தில் சேரச் சொல்லியிருக்கிறார்கள், பட்டத்தோடு வா என்று. ஏற்கெனவே ஒரு வருடம் போனவள் நான். ஆனாலும் நீ கேட்கும் வரி எனக்குத் தெரியாத ஒன்று. தெரியாததற்கு எப்படிக் கையெழுத்துப் போடுவது?

அக்கா


பிப்ரவரி 17

அக்கா,

அன்று பதில் சொல்லாதது வாயடைத்துப் போனதால். நீ என்னை அப்படி நினைக்க முடியும் என்பதே எனக்குச் செய்தி. பெட்டி கட்டுவதைத் தவிர வேறு என்ன செய்யச் சொல்கிறாய்?

நான் போனேன். ஒவ்வொரு காலையும் போனேன். படிக்கட்டுக்குக் கீழே உடைந்த நாற்காலிகளை அடுக்கி வைத்திருப்பார்கள், ஒருக்களித்து நுழைந்தால்தான் சுவர் எட்டும். மழை. சாரல் உள்ளே வரை அடிக்கும். குடையைக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, ஒரு கையில் டார்ச், ஒரு கையில் வெர்னியர். தலைக்கு மேல் பையன்கள் படியேறும் சத்தம். காரை உதிர்ந்து சட்டைக் காலருக்குள் விழும். பித்தளையை இரண்டு பக்கமும் கவ்வும்போது கிச் என்று ஒரு சத்தம் வருமே, பல் கூசும், ஒவ்வொரு முறையும் கூசியது. பொய் எழுதுகிறவனுக்கு அந்தச் சத்தம் எங்கிருந்து கிடைக்கும்?

சாட்சி யாரும் இல்லை. படிக்கட்டுக்குக் கீழே யார் நுழைந்து பார்ப்பார்கள்? பெருக்குகிற அம்மா ஒருவர் "என்ன சாமி, செவுத்துக்கு ஜொரமா, தெனம் பாக்க வரீங்க" என்று கேட்பார். இப்போது அவர் அங்கே இல்லை என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

விளக்கம் முதலில் வந்ததாம். எண்கள் வந்த பிறகு, அவை ஏன் அப்படி வந்தன என்று தெரியாமல் தூங்காமல் கிடந்தவன் நான். நீ அப்போது ஊசி ஏற்றிக்கொண்டு படுத்திருந்தாய். உன்னிடம் கேட்க மனம் வரவில்லை. நூலகத்தில் மண்ணைப் பற்றி இருந்த புத்தகங்களை எல்லாம் படித்துத்தான் அந்த விளக்கத்துக்கு வந்தேன்.

உனக்கு அந்த வரியை எழுத வராது என்றால் எழுத வேண்டாம். ஆனால் நான் அளக்கவில்லை என்று இன்னொரு முறை எழுதாதே.

தம்பி


பிப்ரவரி 23

தம்பி,

உன் கடிதத்தில் ஒரு சத்தம் இருக்கிறது. அந்தச் சுவரை நான் ஒரு பருவம் அளந்திருக்கிறேன். எனக்கு அந்தச் சத்தம் தெரியாது.

ஒரே ஒரு கேள்வி. வெர்னியரை எப்படிப் பிடித்தாய்? படம் போட்டு அனுப்பு. வேறு எதுவும் எழுதாதே.

அக்கா


பிப்ரவரி 28

படம் பின்பக்கம்.

கீழே இருக்கும் பெரிய தாடை. இரண்டு ஊசிகளையும் வெளியிலிருந்து கவ்வி. நீ பிடிப்பதுபோலத்தான்.

ஏன்?


மார்ச் 6

தம்பி,

நான் அப்படிப் பிடிக்கவே இல்லை.

நேற்று படிக்கட்டுக்குக் கீழே போனேன். நாற்காலிகள் இன்னும் அங்கேதான். சுவருக்கு வெள்ளை அடித்திருக்கிறார்கள், ஊசிகளுக்கும் சேர்த்து. நகத்தால் சுரண்டினேன். முதலில் நான் அளக்கும் விதத்தில் அளந்தேன். மேலே இருக்கும் சின்னத் தாடையை ஊசிகளுக்கு நடுவில் விட்டு, விரித்து, உள் விளிம்பிலிருந்து உள் விளிம்புக்கு. சத்தம் வராது. பிறகு உன் படத்தைப் பார்த்துப் பெரிய தாடையால் வெளியிலிருந்து கவ்வினேன்.

கிச்.

கூசியது.

இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசம் இரண்டு ஊசிகளின் தடிமன். வீட்டுக்கு வந்து அறிக்கையைத் திறந்து உன் மேட்டின் உயரத்தைப் பார்த்தேன். அதேதான். மண் எதையும் குடிக்கவில்லை. சுவர் பிளக்கவும் இல்லை, மூடிக்கொள்ளவும் இல்லை. ஒருத்தி உள்ளே அளந்தாள், ஒருத்தன் வெளியே அளந்தான்.

பொய் எழுதுகிறவன் என் எண்களை ஒட்டியே எழுதியிருப்பான். இவ்வளவு பெரிய தப்பு, தினமும் அங்கே போய் நின்றவனுக்குத்தான் வரும்.

நீ அளந்தாய்.

இதை எழுத எனக்குப் பாதி ராத்திரி ஆயிற்று. மன்னிப்பு என்ற சொல்லை இரண்டு தடவை எழுதி அடித்தேன். நம் வீட்டில் யாரும் பழகாத சொல். எழுதும்போதே யாரோ வந்து பார்ப்பதுபோல் இருக்கிறது.

இன்னொன்று. ஆஸ்பத்திரியில் நீ என் கட்டில் பக்கத்தில் நின்று "எப்படி அளக்கணும்?" என்று கேட்டாய். நான் "எப்பவும் போல" என்றேன். எனக்கு எப்பவும் போல. நீ அதுவரை என் முதுகுக்குப் பின்னால் நின்று, நான் சொல்லும் எண்களை எழுதிக்கொண்டவன். உனக்குத் தெரிந்தது என் முதுகு மட்டும். அம்மா அடுப்படியில் சொல்வதும் அந்த "எப்பவும் போல"தான், அப்பா கிளம்பும்போது சொல்வதும் அதுதான். முழுசாகச் சொல்லிக்கொடுத்தால் யாரோ அந்நியரிடம் பேசுவதுபோல் நமக்கு.

இதனுடன் இரண்டு உறைகள். இரண்டிலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

சின்ன உறையில் நீ கேட்ட ஒரு வரி. இந்த வாரங்களில் என் தம்பி தினமும் தன் கையால் அளந்தான். உண்மை. அவர்கள் கேட்டது இவ்வளவுதான்.

பெரிய உறையில் எல்லாம் இருக்கிறது. தாடை, ஊசி, வித்தியாசம். நீ அளந்தாய் என்பதற்கு என்னிடம் உள்ள ஒரே சாட்சி உன் தப்பு. ஆனால் அதைச் சொன்னால் உன் மேடு இடிந்துவிடும். அங்கிருந்து இங்கே எழுதிக் கேட்பார்கள். உன் கிரெடிட்டோடு என்னுடையதும் போகலாம்.

நீ பார்த்துச் செய்.

அக்கா


மார்ச் 14

அக்கா,

இரண்டு உறைகளையும் மூன்று நாள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சுற்றினேன். சின்னது லேசாக இருந்தது.

முதல் நாள் சந்தோஷம் மட்டும். என் அக்கா என்னை நம்புகிறாள். மெஸ்ஸில் சிரித்துக்கொண்டே சாப்பிட்டேன் போல, எதிரில் இருந்தவன் "என்னடா, பொண்ணு பாத்துட்டாங்களா?" என்றான்.

இரண்டாம் நாள் என் விளக்கத்தை எடுத்துப் படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருந்தேன். அதுதான் பயமாக இருந்தது. ஊசியின் தடிமனுக்கு இவ்வளவு அழகான காரணங்கள். இதே மொழியில் எதற்கு வேண்டுமானாலும் காரணம் எழுதிவிடுவேன். இந்தக் கல்லூரிக்கு வந்ததிலிருந்து நான் எழுதியதில் எது மண், எது ஊசி?

மூன்றாம் நாள் சின்ன உறையை எடுத்துக்கொண்டு பதிவாளர் அலுவலக ஜன்னலுக்குப் போனேன். அந்த அம்மாள் வாங்கக் கை நீட்டினார்.

"அக்கா எழுதிட்டாங்களா? ஒழுங்கா அளந்தீங்கன்னு போட்டிருக்காங்களா?"

"அளந்தேன்னு போட்டிருக்காங்க."

"ஒழுங்கான்னு?"

"அதை நீங்க கேக்கலையே மேடம்."

"கேக்கலதான். ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

அவர் கை நீட்டியபடியே இருந்தது. எனக்குப் பின்னால் வரிசை நின்றது. பெரிய உறையைக் கொடுத்தேன்.

உன்னைக் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் நீ என்ன சொல்வாய் என்று தெரியாததால் கேட்கவில்லை. அங்கேயே நின்று ஒரு தாள் வாங்கி, அக்காவின் அளவுகள் அத்தனையும் சரி, தவறு என்னுடையது மட்டும், அவளுடைய கிரெடிட்டைத் தொட வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்திட்டு உறையோடு பின் பண்ணினேன். அது எவ்வளவு தாங்கும் என்று தெரியவில்லை.

உன் ஜூலையை நான் எடுத்துக் கொடுத்துவிட்டேன். கத்து. போனில் வேண்டுமானாலும் கத்து.

தம்பி


மார்ச் 14

தம்பி,

நீ எந்த உறையைக் கொடுத்தாய் என்று தெரியாது. சின்னதைக் கொடுத்திருந்தால், இந்தக் கடிதம் வந்து சேரும்போது என் மேல் கோபம் வரும். வரட்டும்.

உன் அளவுகளை எல்லாம் திருத்தி, ஊசியின் தடிமனைக் கழித்து, கோட்டை மறுபடி வரைந்தேன். மேடு போய்விட்டது. தட்டையாக வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. மெதுவாக ஏறுகிறது. உன் மேட்டின் உயரத்துக்குப் பக்கத்தில் அந்த ஏற்றம் கண்ணுக்கே தெரியவில்லை, அதனால் இத்தனை நாள் தட்டை என்று நினைத்தோம். போன வாரம் நான் எடுத்த அளவையும் அதில் வைத்துப் பார்த்தேன். ஏறிக்கொண்டேதான் இருக்கிறது.

விரிசல் மூடவே இல்லை, தம்பி. தானாக மூடிக்கொள்ளும் என்று நாம்தான் எழுதிக்கொடுத்தோம். அதைப் படித்துவிட்டுத்தான் கட்டடப் பிரிவு சுண்ணாம்பு அடித்துவிட்டுப் போய்விட்டது. தினமும் அத்தனை பேர் அதன் மேல் ஏறி இறங்குகிறார்கள். நானும்தான்.

காலையில் பேராசிரியர் அறைக்குப் போனேன்.

"என்னம்மா இது, ரிசல்ட் வர்ற நேரத்துல பழசைக் கிளறிட்டு வர்றே?"

"படி ரிசல்ட்டுக்காகக் காத்திருக்காது சார்."

"இதுல உன் மார்க்கும் சேர்ந்து அடிபடும், தெரியுமில்ல?"

"தெரியும் சார். முதல்ல கீழ வந்து பாருங்க."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நாற்காலிகளுக்கு நடுவே நுழைந்தார். டார்ச்சை நான் பிடித்தேன். அவரே அளந்தார். சின்னத் தாடையால். வெளியே வந்தார். மேலே ஏறப் போன ஒரு பெண்ணைப் பார்த்து, "எறங்கு, எறங்கு, யாரும் ஏறாதீங்க" என்று கத்தினார். அவர் கத்தி நான் கேட்டதில்லை.

இப்போது படிக்கட்டின் குறுக்கே கயிறு கட்டியிருக்கிறார்கள். நாளை இரும்பு முட்டு வருகிறதாம். அறிக்கையைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள்.

உன்னிடம் கேட்க நேரம் இல்லை. நேரம் இருந்திருந்தாலும் கேட்டிருப்பேனா என்று தெரியவில்லை. உன் பட்டத்தை நான் எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

அக்கா


மார்ச் 20

டேய்,

கடிதம் வந்தது. ஒரே தேதி.

நீ என்னைக் கேட்காமல் கொடுத்தாய், நான் உன்னைக் கேட்காமல் கொடுத்தேன். எப்பவும் போல.

அம்மா நடுவில் நின்றுகொண்டு "இப்ப யாருக்குடி போச்சு? அவனுக்கா, உனக்கா?" என்று கேட்கிறாள். தெரியலம்மா என்றேன். "தெரியாமலா ரெண்டு பேரும் இவ்ளோ பண்ணீங்க" என்று கரண்டியோடு உள்ளே போய்விட்டாள்.

காத்திரு.


ஏப்ரல் 22

அக்கா,

என் கிரெடிட்டை முடிவு செய்யும் குழு கூடியது. என்னை வெளியே பெஞ்சில் உட்காரவைத்திருந்தார்கள். கதவு சரியாகச் சாத்தவில்லை. ஒருவர், "அளந்திருக்கான், அது நிச்சயம். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?" என்றார். இன்னொருவர், "தப்பா அளந்ததுக்கு கிரெடிட் குடுத்தா, நாளைக்கு இவன் கட்டற வீட்டுல யார் குடியிருப்பா? நீங்க இருப்பீங்களா?" என்றார். சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன், பெஞ்சில் தனியாக.

முடிவு இதுதான். களப்பணியை மறுபடி செய்ய வேண்டும். இந்தக் கல்லூரியில் அடுத்த வருடம் வரை காத்திருக்கலாம், அல்லது தொடங்கிய இடத்திலேயே, அதே சுவரில், வருகிற மழைக்காலம் முழுக்க அளந்து அந்த கிரெடிட்டை மாற்றிக்கொண்டு வரலாம். அதுவரை பட்டம் இல்லை. உதவித்தொகை இந்த மாதத்தோடு சரி. ஜன்னல் அம்மாள் தாளைக் கொடுத்துவிட்டு, "மறுபடியும் டிக்கெட் எடுக்கணும் போலிருக்கே தம்பி" என்றார். பிறகு டீ வாங்கிக் கொடுத்தார்.

உன்னுடையது என்ன ஆயிற்று? அம்மா போனில் மழுப்புகிறாள்.

எனக்கு இங்கே அறையைக் காலி செய்ய வேண்டும். எங்கே போவது என்று எழுத வரவில்லை.

தம்பி


ஏப்ரல் 29

தம்பி,

என் அளவுகள் நின்றன. அங்கிருந்து அனுப்பிய உன் தாளைப் பேராசிரியர் பார்த்தார், இரண்டு தடவை படித்தார். என்னைத் தனியாகத் திருத்திய அறிக்கை எழுதச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்தேன். உன்னைப்போல அழகாக வரவில்லை, மூன்று பக்கம்தான். நேற்று கிரெடிட் ஏறிவிட்டது. ஜூலையில் வேலைக்குப் போகிறேன்.

அம்மா மழுப்பியது அதனால்தான். நீ இல்லாமல் நான் முடிப்பதை எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. ஒரு காலத்தில் உன் வகுப்புக்குள் முதல் நாள் நுழைந்தபோது, கடைசிப் பெஞ்சில் எவனோ "டேய், உங்க அக்கா ஃபெயிலா?" என்றான். நீ திரும்பி, "எனக்குக் கணக்கு சொல்லித்தர வந்திருக்கா" என்றாய். அதற்கு நான் உனக்கு இன்னும் எதுவும் திருப்பிச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வா. உன் கட்டிலின் மேல் இருந்த என் புத்தகங்களை இறக்கிவிட்டேன். மழை தொடங்குவதற்கு முன் வா.

இந்த முறை முழுசாகச் சொல்கிறேன். படிக்கட்டுக்குக் கீழே இப்போது இரும்பு முட்டுகள் நிற்கின்றன, தலை குனிந்து போ. நாற்காலிகளை எடுத்துவிட்டார்கள், நேராகவே நுழையலாம். முதலில் துணியால் ஊசிகளைத் துடை. வெர்னியரை மூடி, பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார். மேலே இருக்கும் சின்னத் தாடை. ஊசிகளுக்கு நடுவில் விட்டு மெதுவாக விரி, அழுத்தாதே. உள் விளிம்பு, உள் விளிம்பு. சத்தம் வந்தால் தப்பு, எடுத்துவிட்டு மறுபடி வை. மூன்று தடவை அளந்து மூன்றையும் எழுது, நடுவில் உள்ளதை மட்டும் எடுத்துக்கொள்ளாதே.

முதல் நாள் நான் கூட வருவேன். நீ அளப்பாய், நான் உன் முதுகுக்குப் பின்னால் நின்று எழுதிக்கொள்வேன்.

சந்தேகம் வந்தால் கேள். கத்தமாட்டேன்.

அக்கா